இரு கரையிலும் ஒரே காலை

கைக்குழந்தையோடு இலங்கைக்கு வாத்து எண்ணப் போனேன் என்று சொன்னால் கேட்பவர்கள் இன்னொரு முறை சொல்லச் சொல்கிறார்கள். என் மாமியார் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “வாத்தையா?” பிறகு குழந்தைக்குக் கம்பளித் தொப்பி பின்ன உட்கார்ந்துவிட்டார்.

நான் வேதாரண்யத்துக்காரி. கல்லூரியில் விலங்கியல் செய்முறை வகுப்புகளைப் பார்த்துக்கொள்கிறேன். மழைக்காலத்தில் கோடியக்கரைக்கு வரும் கிளுவை, ஊசிவால் முதலான வாத்துகள் கடலைத் தாண்டி இலங்கைக்கும் போகின்றன என்பது எங்கள் பேராசிரியரின் கட்சி. இன்று நாங்கள் எண்ணிய வாத்தை நாளை அக்கரையில் இருப்பவர்களும் எண்ணினால் ஒரு வாத்து இரண்டாகிவிடும். ஆகவே இரு கரையிலும் ஒரே காலையில் எண்ண வேண்டும். சில வருடங்களுக்கு முன் பல நாடுகள் வெளிநாட்டில் ஒன்றாகக் கூடி, ஈரநிலங்களை எல்லைக்கோடு பார்க்காமல் சேர்ந்து காப்போம் என்று கையெழுத்துப் போட்டன. நம் நாடும் இலங்கையும் அதில் இன்னும் சேரவில்லை. பேராசிரியருக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. நாங்கள் காலில் வளையம் போட்டு விட்ட கிளுவை ஒன்று மூதூர்ப் பக்கம் வலையில் சிக்கி, திருகோணமலைப் பள்ளி ஆசிரியை ஒருவர் அதைப் பற்றி அவருக்கு எழுதியிருந்தார். அதுவே அவருக்குப் போதுமானதாக இருந்தது. “உன் நாத்தனார் திருகோணமலையில்தானே இருக்கிறார், நீயே போய் வா” என்றார். பொங்கல் கழிந்த ஒரு காலையை அவரும் அந்த ஆசிரியையும் குறித்துக்கொண்டார்கள்.

பத்து மாதக் கயலை விட்டுவிட்டுப் போக முடியாது. கூட்டிக்கொண்டு போகவும் பயம். தினமும் அவளைக் குளிப்பாட்ட வரும் செல்லம்மா வசம்பும் சுக்கும் ஒரு துணியில் முடிந்து கொடுத்தாள். “தண்ணி மாறினா பிள்ளைக்கு வயிறு கலங்கும், உரைச்சுக் கொடு” என்றாள். அந்த முடிச்சைக் கைப்பையில் இருக்கிறதா என்று வழியெல்லாம் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

திருகோணமலையில் என் நாத்தனார் புவனா அக்கா முதல் வேளைக்குப் பாணும் தேங்காய்ச் சம்பலும் வைத்தார். மாவுத் தட்டுப்பாட்டுக் காலம் அது. அவர் கணவர் விடிவதற்குள் வரிசையில் நின்று வாங்கிய பாண். நம் ஊரில் காய்ச்சல்காரருக்குக் கொடுக்கும் ரொட்டிதான் அது, ஆனால் இங்கே அடர்த்தியாக, பசியாறும்படி இருக்கிறது. சம்பலின் காரம் கண்ணில் நீர் வரவைத்தது. புவனா அக்கா கல்யாணமாகி வந்து வெகுகாலமாகிவிட்டது. சமையலறை அவருக்குக் குசினியாகவும் நாற்காலி கதிரையாகவும் மாறியிருந்தன.

“அந்தக் கதிரையில இருந்து சாப்பிடு. பிள்ளையை இங்க தா.”

“தண்ணி கொதிக்க வச்சதா, அக்கா?”

“ஓம், கொதிக்க வச்சதுதான். என்ர பிள்ளையள் மூண்டும் இதே கிணத்துத் தண்ணி குடிச்சுத்தான் வளர்ந்ததுகள்.”

அவர் பார்க்காத நேரத்தில் இன்னொரு தடவை கொதிக்க வைத்தேன்.

பேராசிரியருக்கு எழுதிய ஆசிரியை அன்று மதியமே சைக்கிளில் வந்தார். சேலையோடு, குடை பிடித்தபடி, ஒரு கையால் ஓட்டிக்கொண்டு. ரூத் ரீச்சர் என்று எல்லோரும் சொன்னார்கள். டீச்சர் அங்கே ரீச்சர்தான். மெதடிஸ்த கோயிலில் பாட்டும் பள்ளியில் உயிரியலும் சொல்லிக்கொடுப்பவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், எதற்கும் தயங்காதவர். நான் எதை எடுத்தாலும் இரண்டு தடவை யோசிப்பவள். இரண்டு பேருக்கும் ஒத்துப்போகுமா என்று அன்று இரவு அதையும் யோசித்தேன்.

மறுநாள் தம்பலகாமம் குடாப் பக்கம் ஒத்திகைக்குப் போனோம். பேருந்து சீனன்குடாவைக் கடக்கும்போது பழுதாகி நின்றது. எல்லோரும் இறங்கினோம். சாலையோரச் சேற்று நீரில் ஊசிவால் வாத்துக் கூட்டம் ஒன்று. நான் யோசிக்காமல் செய்த காரியம் அந்தப் பயணத்தில் ஒன்றே ஒன்று: தொலைநோக்கியை எடுத்துக் கண்ணில் வைத்தேன். வாத்துகளுக்கு நேர் பின்னால் வேலி, விமானத் தளம், வரிசையாய் எண்ணெய்த் தாங்கிகள் எல்லாம் இருந்தன.

காவலுக்கு நின்ற சிப்பாய் ஒருவன் ஓடி வந்தான். எனக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது. கயலை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். ரூத் ரீச்சர் தொலைநோக்கியை வாங்கி அவன் கையிலேயே கொடுத்து வாத்துகளைக் காட்டினார். அவன் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். இன்னொருவனைக் கூப்பிட்டு அவனுக்கும் காட்டினான். கடைசியில் தொலைநோக்கியைத் திருப்பிக் கொடுக்கும்போது தோழனிடம் ஏதோ சொல்லிச் சிரித்தான்.

“என்ன சொன்னான்?”

“உளவு பார்க்க வாறவள் பால்போத்தலோட வரமாட்டாள் எண்டு சொல்லுறான்.”

அடுத்த நாள் மூதூருக்கு லோஞ்ச் என்னும் இயந்திரப் படகு. கொட்டியாரக் குடாவின் நடுவில் எஞ்சின் நின்றுவிட்டது. எல்லோரும் ஒரே சமயத்தில் பேசத் தொடங்கினார்கள். எனக்குப் பின்னால் கூடைகளோடு இரண்டு பெண்கள்.

“சீனன்குடாவுல ஒரு இந்தியக்காரியப் பிடிச்சாங்களாம். கண்ணாடி வச்சி எண்ணெய்த் தாங்கியெல்லாம் எண்ணினாளாம்.”

“தனியாவா?”

“கையில புள்ளையும் இருந்ததாம்.”

“அது பொம்மையாயிருக்கும்.”

அந்த நேரம் பார்த்துக் கயல் வீரிட்டு அழுதாள். அவளைச் சமாதானப்படுத்திய என் பேச்சைக் கேட்டதும் நான் எந்த ஊர்க்காரி என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. எஞ்சின் மறுபடி கிளம்பி மூதூர் வரும்வரை கூடைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். “நீங்கள் இப்ப பிரபலம்” என்றார் ரூத் ரீச்சர். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மூதூரில் எருமைத் தயிர் வாங்கினோம். மண்சட்டியைக் கவிழ்த்தாலும் விழாத தயிர். அதை மடியில் வைத்துக்கொண்டு உழவு இயந்திரத்தின் பெட்டியில் ஏறி வெருகல் போகும் திசையில் போனோம். நாங்கள் எண்ண வேண்டிய களப்பு அந்த வழியில் இருக்கிறது. அதன் பெயரை எழுதவில்லை. ஏன் என்பது பின்னால் புரியும்.

களப்பு என்றால் கடலோர உப்பங்கழி. அதன் ஒரு பக்கம் தமிழ் விவசாயிகளின் வயல், மறுபக்கம் இறால் பிடிக்கும் முஸ்லிம்களின் ஊர். களப்புக்கும் கடலுக்கும் நடுவே ஒரு மணல்மேடு. மழைக்காலத்தில் நீர் ஏறி வயலை மூழ்கடிக்கும். அப்போது மணல்மேட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்தால் நீர் கடலுக்கு ஓடிவிடும். சீக்கிரம் வெட்டினால் இறால் குஞ்சு வளராது. தாமதமாக வெட்டினால் நெல் அழுகும். இதற்காக இரண்டு பக்கமும் சேர்ந்து களப்பில் ஒரு தடி நட்டு அதில் ஒரு வெட்டுக்குறி போட்டிருக்கிறார்கள். நீர் குறியைத் தொட்டால் மட்டும் வெட்டலாம். அப்போதும் ஒரு பக்கத்தார் தனியே மண்வெட்டி எடுக்கக்கூடாது. முதல் வெட்டை இரு பக்கத்து ஆளும் சேர்ந்து போட வேண்டும். ரூத் ரீச்சர் இதையெல்லாம் வழியிலேயே சொன்னார். பேராசிரியர் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்குவதற்கு மஜீத் காக்கா வீடு. அங்கே முஸ்லிம்கள் அண்ணனைக் காக்கா என்றும் அக்காவை ராத்தா என்றும் சொல்கிறார்கள். இறால்காரர்கள் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். அவர் மனைவி ஆமினா ராத்தா கயலை என் இடுப்பிலிருந்து பறிக்காத குறையாக வாங்கிக்கொண்டார். தேங்காய்ப்பாலில் வைத்த இறால் சொதியும் சிவப்பரிசிச் சோறும் போட்டார். சாப்பிட்டுக் கை கழுவும்போது வயல்பக்கத்து வட்டவிதானை வந்து உட்கார்ந்தார். நீர்ப் பங்கீட்டைப் பார்க்க விவசாயிகள் தெரிந்தெடுத்தவரை அங்கே வட்டவிதானை என்கிறார்கள். அவர் பெயர் கணபதிப்பிள்ளை.

“ரீச்சர் குறை நினைக்கக்கூடாது. நாளைக்கு முகத்துவாரம் வெட்டப் போறம்” என்றார்.

எண்ண வேண்டிய நாள் அதற்கு அடுத்த காலை. முகத்துவாரத்தைத் திறந்தால் களப்பு வடிந்துவிடும், வாத்துகள் எங்கே போகும் என்று யாரும் சொல்ல முடியாது. அக்கரையில் பேராசிரியரும் மாணவர்களும் அந்தக் காலைக்காகத் தயாராக நிற்பார்கள்.

ரூத் ரீச்சர் எட்டிக் களப்பைப் பார்த்தார். “தடியில குறிக்குத் தண்ணி இன்னும் வரேல்லையே. ஒரு சாண் கிடக்குது. பிறகேன் வெட்டுறீங்கள்?”

வட்டவிதானை மஜீத் காக்காவைப் பார்த்தார். காக்கா கூரையைப் பார்த்தார். ஆமினா ராத்தாதான் கயலைத் தோளில் தட்டிக்கொண்டே சொன்னார்.

“இதில மறைக்க என்ன இரிக்கி? சீனன்குடாவுல முதல்ல அளந்தாங்க, எண்ணினாங்க, பொறகு கம்பி போட்டாங்க. இப்ப அங்க ஆரும் வலை வீச ஏலாது. நீங்க வாத்து எண்ணுவீங்க. வாத்து கூட இரிக்கி எண்டு எழுதுவீங்க. பொறகு இங்கயும் கம்பி வரும். வாத்து இல்லாட்டி எண்ண ஒண்டுமில்லையே.”

“ரெண்டு பக்கமும் பேசித்தான் முடிவெடுத்தம்” என்றார் காக்கா. “வருசம் முழுக்கச் சண்டை பிடிக்கிறம். இதில மட்டும் ஒரு சத்தம் இல்லாம ஒத்துப்போனம்.”

ரூத் ரீச்சர் மூச்சு விடாமல் பேசினார். இது விஞ்ஞானம், இரண்டு நாட்டு வேலை, யாருக்கும் கம்பி போடும் எண்ணம் இல்லை, வாத்துகளுக்கு எல்லை கிடையாது, என்று. எல்லாம் சரியாகத்தான் சொன்னார். ராத்தா அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“மகள், நீங்க சொல்லுங்க. உங்கட ஊர்லயும் எண்ணினீங்கதானே. எண்ணின பொறகு என்ன நடந்த?”

ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ரூத் ரீச்சரின் கண் என்னிடம் அதைத்தான் கேட்டது. பேராசிரியரின் முகமும் நினைவுக்கு வந்தது. ஆனால் என் குழந்தை அந்த அம்மாளின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள்.

“காட்டைச் சரணாலயம் ஆக்கினாங்க” என்றேன். “பறவைங்க நல்லாத்தான் இருக்கு. ஆனா உள்ளே விறகு பொறுக்கிட்டு இருந்தவங்கள இப்ப விடறதில்ல. எங்க வீட்டுக்கு வர்ற செல்லம்மாவும் அதுல ஒருத்தி.”

“இப்ப அவ என்ன செய்யிற?”

“என் பொண்ணக் குளிப்பாட்டுறா.”

ராத்தா கயலின் முதுகைத் தட்டுவதை நிறுத்திவிட்டுப் பிறகு தொடர்ந்தார். வட்டவிதானை எழுந்து துண்டை உதறிப் போட்டுக்கொண்டார். காக்காவும் அவரோடு போனார்.

“உண்மை சொல்ல உங்களுக்கு வேற நேரம் கிடைக்கேல்லையோ?” என்றார் ரூத் ரீச்சர். கோபம்தான். கயலின் தொப்பியைச் சரிசெய்தேன். அது சரியாகத்தான் இருந்தது.

மறுநாள் முழுவதும் நல்ல மழை. யாரும் மண்வெட்டியோடு போகவில்லை. ஏன் போகவில்லை என்று எங்களிடம் யாரும் சொல்லவும் இல்லை. கயலுக்கு இரண்டு தும்மல் வந்தது. வசம்பை உரைத்தேன். ஆமினா ராத்தா அதை மோந்து பார்த்து, “இது எங்கட ஊர்லயும் இரிக்கி” என்றார். கோபம் இருப்பதாகத் தெரியவில்லை. சமாதானம் என்றும் தெரியவில்லை. ரொட்டியும் கட்டைச் சம்பலும் தந்தார். ரூத் ரீச்சர் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினார்.

மாலை மழை விட்டபோது வட்டவிதானையும் காக்காவும் சேர்ந்து நனைந்து வந்தார்கள்.

“தண்ணி குறிக்கு வந்திட்டுது” என்றார் வட்டவிதானை. “நாளைக்கு வெட்டத்தான் வேணும். விடியக் காலமை நீங்கள் எண்ணுங்கோ. எண்ணி முடிய வெட்டுவம்.”

“நீங்க மட்டும் எண்ண ஏலாது” என்றார் காக்கா. “இந்தக் களப்பில எதையும் ஒரு பக்கம் தனியச் செய்யிறல்ல. நானும் எண்ணுவன், விதானையும் எண்ணுவாரு. மூணு பேரும் ஒத்துக்கொண்ட எண்தான் வெளிய போகணும்.”

“இன்னொண்டு” என்றார் வட்டவிதானை. “கம்பி போடுற கதை எங்கயாவது வந்தா, அதை முதல்ல இந்த முகத்துவாரத்தில வந்து சொல்ல வேணும்.”

“யார் வந்து சொல்றது?” என்று கேட்டேன்.

“நீதான் பிள்ளை. செல்லம்மா கதையை மறைக்காமச் சொன்னது நீதானே. அதாலதான் இண்டைக்கு வெட்டாம விட்டம்.”

ரூத் ரீச்சர் என் முழங்கையை இடித்தார், உடனே சரி என்று சொல்லட்டும் என்று. எனக்கு அப்படி வரவில்லை. “நான் அரசாங்கம் இல்லீங்க. எங்க பேராசிரியரும் இல்ல. கம்பிய நிறுத்த என்னால முடியாது. கேள்விப்பட்டா வந்தோ எழுதியோ சொல்றேன். அவ்வளவுதான் முடியும்.”

“அது காணும், போதும்” என்றார் வட்டவிதானை. “எங்கட அரசாங்கம் அதுகூடச் சொல்லுறேல்ல.”

விடிகாலை மணல்மேட்டில் நின்றோம். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கோ பேராசிரியரும் இதே நேரம் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பார் என்று நினைத்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. களப்பு முழுக்க வாத்து. கயல் ராத்தாவின் முந்தானைக்குள் இருந்து எட்டிப் பார்த்தாள்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த முறையில், பத்து வாத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று பார்த்து அந்த இடத்தைக் கொண்டு கூட்டத்தை அளந்தேன். காக்கா, ஒரு வலை நீளத்துக்குள் எத்தனை என்று பார்த்தார். வட்டவிதானை களப்பை மனதுக்குள் வயல் வயலாகப் பிரித்து, வயலுக்கு எத்தனை என்று கணக்குப் போட்டார். காக்கா சொன்ன எண், விதானை சொன்னதில் பாதிகூட இல்லை.

“நீ ஏன் இப்பிடிக் குறைக்கிறாய்?”

“கூடச் சொன்னா கம்பி வரும். நீங்க ஏன் இப்படிக் கூட்டுறீங்க?”

“என்ர நெல்லை ராவில திண்டிட்டுப் போறது இதுகள்தானே. எவ்வளவு திண்டுது எண்டு அரசாங்கத்துக்குத் தெரியட்டும்.”

“அப்ப திண்ட நெல்லத்தான் எண்ணுறீங்க. வாத்த எண்ணல்ல.”

அந்தக் கோபத்துக்குப் பிறகு ரூத் ரீச்சர் முதல்முறையாகச் சிரித்தார். நான் அவர்கள் இருவருக்கும் நடுவில் இருந்தேன், எண்ணிலும் நின்ற இடத்திலும். நான் எண்ணியதும் சரிதானா என்று எனக்குச் சந்தேகம். கரையோரக் கூட்டத்தை இரண்டு தடவை சேர்த்திருந்தேன். களப்பை மூன்றாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டையும் மூவரும் சேர்ந்து மறுபடி எண்ணினோம். ஒரு துண்டுக்கு ஒத்துக்கொண்ட பிறகுதான் அடுத்தது. தொலைநோக்கி கை மாறிக்கொண்டே இருந்தது. வெயில் ஏறுவதற்குள் ஓர் எண் கிடைத்தது. காக்கா அதைச் சத்தமாகச் சொன்னார். வட்டவிதானை திருப்பிச் சொன்னார். மணல்மேட்டில் கூடியிருந்த இரு பக்கத்து ஆட்களும் கேட்டார்கள். பிறகு நான் சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. “இன்னும் பலமா” என்று யாரோ கத்தினார்கள். இன்னொரு முறை சொன்னேன்.

மண்வெட்டிகள் வந்தன. காக்காவும் வட்டவிதானையும் முதல் வெட்டைச் சேர்ந்து போட்டார்கள். பிறகு என்னிடம் ஒன்றை நீட்டினார்கள்.

“சொல்லுக் குடுத்த ஆளும் வெட்டோணும்” என்றார் வட்டவிதானை.

அதற்குள் என் இடுப்புக்கு வந்திருந்த கயலை ரூத் ரீச்சரிடம் கொடுத்துவிட்டு வெட்டினேன். ஈர மணல் நினைத்ததைவிடக் கனம். கொஞ்ச நேரத்தில் ஆண்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முதலில் ஒரு விரல் அகலத்தில் கசிந்த நீர் பிறகு கரையைத் தானே தின்றுகொண்டு ஓடியது. சத்தம் பெரிதானதும் வாத்துகள் எழும்பின. களப்புக்கு மேல் ஒரு சுற்று சுற்றி வடக்கே போயின. வடக்கே எங்கள் ஊர் இருக்கிறது. அங்கே எண்ணி முடித்திருக்க வேண்டுமே என்று மனதுக்குள் வேண்டிக்கொண்டேன்.

ஊர் திரும்பிப் பேராசிரியரிடம் எண்ணைச் சொன்னேன். அவர்களும் அந்தக் காலையில் எண்ணி முடித்திருந்தார்கள். மகிழ்ச்சியோடு இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதினார். மூன்று பேர் ஒத்துக்கொண்ட எண் என்றும், நான் கொடுத்த வாக்கையும் சொன்னேன்.

“இது கணக்கெடுப்பா, பஞ்சாயத்தா?” என்றார்.

“இரண்டும்தான் சார்” என்றேன். களப்பின் பெயரை அறிக்கையில் போடவேண்டாம், மூதூருக்குத் தெற்கே என்று மட்டும் போடலாம் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்தார். பிறகு அப்படியே எழுதினார். நான் செய்தது சரியா என்று அன்று மட்டும் யோசிக்கவில்லை. மறுநாள் யோசித்தேன்.

மறுநாள் செல்லம்மா வந்தாள். கயலைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே, அந்த ஊர்த் தண்ணி ஒத்துக்கொண்டதா, வசம்பு உரைத்தேனா என்று விசாரித்தாள். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிவிட்டு, “அடுத்த வருசம் கோடியக்கரையில வாத்து எண்ணறப்போ நீயும் வர்றியா?” என்று கேட்டேன்.

அவள் வெந்நீரில் கை வைத்துச் சூடு பார்த்தாள்.

“நான் வந்து எண்ணினா, காட்டுக்குள்ள விறகெடுக்க விடுவாங்களா?”

“தெரியல.”

“அப்ப அதை முதல்ல கேட்டுட்டு வா” என்றாள். கயலின் கண்ணில் நீர் படாமல் நெற்றியில் கை மறைத்து, தலையில் ஊற்றினாள்.